நாலு தட்டு ஆட்டத்தில் நான் வெட்டிய பக்கம்

உங்கள் இணைய இதழின் முதல் வெளியீட்டுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று முறையும் முட்டி வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். முட்டிக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் ஆசிரியர் வேலைக்கு இவ்வளவு மரியாதை ஆகாது. ஒருவர் ஒரு காரணம் சொன்னால், உண்மைக் காரணம் அதுதானா என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டிய ஆள் நான். கல்யாண அழைப்பிதழ், தைப்பூச நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கருமாதி அட்டை என்று கட்டாத பக்கமில்லை. நீங்கள் கேட்பது அதைப் பற்றியல்ல. 'நடுமேசை'யைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஐந்தே இதழ்கள் வந்து நின்றுபோன பத்திரிகை. அதையெல்லாம் பணி என்று சொல்லலாமா என்று என் மனைவிக்கு இன்றும் சந்தேகம். எனக்கோ, அந்த முப்பது வருடத்தில் நான் உண்மையாக வேலை பார்த்தது அந்த ஒன்றரை வருடம்தான் என்று சில நாள் தோன்றும்.

உங்கள் வாசகர்களில் இந்த ஆட்டங்களை அறியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். திரையும் கிடையாது, கணினியும் கிடையாது. பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்துவார்கள். என்ன நடக்கலாம், எதை யார் தீர்மானிப்பது என்பதற்குச் சில விதிகள் இருக்கும். எங்கள் பத்திரிகை அந்த விதிகளைப் பற்றியது. ஒரு விதி ஏன் மனிதர்களைப் பேச வைக்கிறது, இன்னொன்று ஏன் வாயடைக்கிறது, தோற்றுப்போவது எப்போது சுவையாக இருக்கும், இதையெல்லாம் தமிழில் எழுதினோம். ஆட்டத்தை நடத்துபவருக்கு 'நடத்துநர்' என்று பெயர் வைத்தோம். டிக்கெட் யார் கிழிப்பார் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்.

நாங்கள் நாலு பேர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த பிரான்சிஸ், தமிழ்ப்பள்ளி ஆசிரியை லோகா, படம் வரையும் சேகர், பிறகு நான். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பிரான்சிஸ் வீட்டு ஹாலில் கூடுவோம். வந்த ஆட்டங்களை விளையாடிப் பார்ப்போம், சண்டை போடுவோம், அவன் மனைவி தரும் பால் சேர்க்காத காபி ஓ-வைக் குடித்துவிட்டு மறுபடியும் சண்டை போடுவோம். அந்தச் சனிக்கிழமைகளுக்காக இப்போது ஏங்குகிறேன். ஒரு சொல்லுக்காக நாற்பது நிமிடம் சண்டை போடுவதற்கு இப்போது யாரும் கிடைப்பதில்லை.

பத்திரிகையின் உள்ளட்டையில் ஒரு வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். கடைசி வரை விளையாடிப் பார்க்காத எந்த ஆட்டத்தையும் இந்த இதழ் வெளியிடாது. எழுதியவன் நான்தான். எழுதியபோது எனக்கே மார்பு கொஞ்சம் விரிந்தது.

இரண்டாம் இதழில் நான் எழுதிய ஒரு கட்டுரை பத்துப் பதினைந்து பேரிடம் நல்ல பெயர் வாங்கியது. எங்களுக்கு அதுவே கடல் மாதிரி. மேசையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது அந்த ஆட்டத்தை வடிவமைத்தவரின் தோல்வி என்பது அதன் சாரம். எந்த நிமிடத்திலும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். பாராட்டு வந்ததும் அந்தச் சட்டத்தை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். உங்களில் கொள்கைக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் எழுதியதை மற்றவர்கள் நம்பினால் ஒன்றும் ஆகாது, நாம் நம்பும்போதுதான் ஆபத்து.

ஐந்தாம் இதழுக்கு, கடலுக்கு அந்தக் கரையிலிருக்கும் நிபோங் திபாலிலிருந்து ஓர் ஆட்டம் வந்தது. அனுப்பியவர் பெயர் தவமணி. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை, வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கையெழுத்தும் அந்த வேலைக்குத் தகுந்தபடி இருந்தது. கட்டம் போட்ட தாளில், ஒவ்வொரு விதிக்கும் எண் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

ஆட்டத்தின் பெயர் 'நாலு தட்டு'. நாலு பேரும் உடன்பிறந்தவர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு வேளைச் சாப்பாடு. ஆளுக்கு முன்னால் ஒரு நிஜத் தட்டு வைக்க வேண்டும். வீட்டுப் பேச்சுப் பேசிக்கொண்டே சாப்பிடுவதாக நடிக்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டின் நடுவிலும் ஒருவருக்கு ஓர் அழைப்பு வரும். சிங்கப்பூரில் வேலை, ஜோகூரில் கல்யாணம், லண்டனில் படிப்பு, அல்லது காரணமே சொல்லாத ஓர் அழைப்பு. போகலாம், இருக்கலாம். தாயக்கட்டை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. ஆறு சாப்பாட்டோடு ஆட்டம் முடியும்.

கடைசிப் பக்கம் முழுக்கப் போனவரைப் பற்றிய விதிகள். போனவர் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே நாற்காலியில், ஆட்டம் முடியும் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அவரைப் பார்க்கக் கூடாது, அவரோடு பேசக் கூடாது. அவரைப் பற்றிப் பேசலாம். ஆறாவது சாப்பாட்டில், மீதியிருப்பவர்களில் ஒருவர் அந்தத் தட்டை நிமிர்த்தி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அவர் ஒரே ஒரு பதில் சொல்லலாம். அதோடு ஆட்டம் முடிந்தது.

சனிக்கிழமை உட்கார்ந்து ஆடினோம். நாங்கள் நாலு பேரும் வருடக்கணக்கில் இந்த ஆட்டங்களில் ஊறியவர்கள். பாத்திரம் போய்விட்டால் ஆட்டம் போய்விடும் என்பது எங்கள் ரத்தத்திலேயே இருந்தது. அதனால் அழைப்பு வரும்போதெல்லாம் நாங்கள் போகவில்லை. சிங்கப்பூர் வேலையை லோகா வேண்டாம் என்றார். லண்டன் படிப்பை சேகர் உதறினான். இப்படித் தியாகம் செய்யும் உடன்பிறப்புகளை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது. மூன்றாவது சாப்பாட்டில் பிரான்சிஸுக்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. நிஜ அழைப்பு. ஒரு கப்பலின் தாள்களில் ஏதோ குளறுபடி, உடனே வரச் சொன்னார்கள். அவன் கிளம்பினான், தட்டுகளை எடுத்து வைத்தோம். அடுத்த வாரம் மீதியை ஆடலாம் என்றார் லோகா. அடுத்த வாரம் வேறு ஆட்டம் வந்துவிட்டது. பட்டியலில் 'நாலு தட்டு'க்கு எதிரே 'ஆடியாயிற்று' என்று எழுதி வைத்தேன்.

இப்போது நெருக்கடிக்கு வருகிறேன். நீங்கள் திரையில் இதழ் போடுகிறவர்கள், உங்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் நாலு நாலாகத்தான் ஏறும். எங்கள் இதழ் முப்பத்திரண்டு பக்கம். ஐந்தாம் இதழைக் கட்டி முடித்தபோது முப்பத்து மூன்று வந்து நின்றது. மறுநாள் முதல் சீனப் புத்தாண்டு விடுமுறை, அச்சகம் பத்து நாள் திறக்காது. மதியம் இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. தீபாவளிக்கு எனக்கு விடுமுறை தரத் தயங்காதவர்.

ஒரு பக்கம் குறைய வேண்டும். தவமணியைக் கேட்காமல் அவர் ஆட்டத்தில் கைவைக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடியும்வரை போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். அவர் ஷிஃப்ட் முடிவது மூன்று மணிக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். முதலாளியிடம் போய், பாஸ், இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்பார். நான் கேட்கவே இல்லை.

இதைவிட வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. என் தலையங்கம் சரியாக ஒரு பக்கம். அதை எடுத்திருந்தால் வேலை முடிந்தது. அது என் கண்ணில் படாமலில்லை, பட்டது. பத்திரிகைக்குத் தலையங்கம் இல்லாவிட்டால் எப்படி என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். பிறகு 'நாலு தட்டு'வின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஓர் ஆட்டக்காரர் வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. என் சட்டப்படி அது தவறான வடிவமைப்பு. புதிதாக எழுதும் பெண், அனுபவம் போதவில்லை, இதை எடுத்தால் ஆட்டத்துக்கு நல்லதுதான் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டிவிட்டு, முந்தைய பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். 'அழைப்பை ஏற்றுப் போகிறவர் ஆட்டத்திலிருந்து விலகுகிறார்.' ஒன்றரை மணிக்கெல்லாம் மெஷின் ஓடியது.

அவசரத்தில் தவறு செய்தேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கையில் அரை மணி நேரம் மிச்சமிருந்தது.

புத்தாண்டு முடிந்த முதல் சனிக்கிழமை தவமணி அச்சகத்துக்கே வந்தார். நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பஸ், அங்கிருந்து ஃபெர்ரி, பிறகு வெயிலில் நடை. முதல் முறை நேரில் பார்க்கிறேன். பிரான்சிஸும் அன்று என்னோடு இருந்தான். நாற்காலி போட்டோம், அவர் உட்காரவில்லை. இதழைப் புரட்டித் தன் பக்கத்துக்குப் போனார். கடைசி வரிக்கு வந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னால் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"ஆட்டத்த விளையாடிப் பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தோம்மா. நாலு பேரும் உக்காந்து ஆடினோம்."

"கடைசி வரைக்குமா?"

உள்ளட்டையில் இருந்த வாக்குறுதி என் மண்டைக்குள் ஓடியது. பிரான்சிஸ் என்னைப் பார்ப்பதும் தெரிந்தது.

"கடைசி வரைக்கும்," என்றேன், வாய் கூசாமல்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கோ காத்திருப்பது தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. "வேற ஏதாச்சும் கேக்கணுமாண்ணே?" என்றார். பக்கம் போதாமல் போனது, விடுமுறை வந்துவிட்டது என்று கதையளந்தேன். விட்டுப்போன பக்கத்தை ஆறாம் இதழில் முழுசாகப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். சீனப் புத்தாண்டு வழக்கப்படி முதலாளி கொடுத்த இரண்டு ஆரஞ்சுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் போன பிறகு பிரான்சிஸ் ஒன்றே ஒன்று சொன்னான். "உண்மையச் சொல்லியிருக்கலாம்லா." நான் அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு மாதத்தில் ஜுருவிலிருந்து வாசகர் குழு ஒன்று எழுதியது. ஆட்டம் நன்றாகத் தொடங்குகிறது, ஆனால் ஒருவர் போனதும் அவர் எழுந்து வெளியே சிகரெட் பிடிக்கப் போய்விடுகிறார், மற்றவர்களும் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள், இந்த ஆட்டத்தில் ஏதோ குறைகிறது என்று இருந்தது. அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

ஆறாம் இதழ் வரவில்லை. யாரும் பத்திரிகையை மூடவில்லை, அதுவாக நின்றது. முதலில் சேகர் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போனான். மீதி மூன்று பேரும் சனிக்கிழமைகளில் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு லோகாவின் கணவருக்குப் பெர்த்தில் வேலை வந்தது, குடும்பமே போனது. பிரான்சிஸும் நானும் இரண்டு பேராக உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பேருக்கு என்ன ஆட்டம்? ஒரு சனிக்கிழமை மழை, அடுத்த சனிக்கிழமை கல்யாணம், அப்படியே விட்டுப்போயிற்று. பிரான்சிஸ் எப்போது பார்த்தாலும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது அச்சடித்து ஐந்தாம் இதழ் வாங்கியவர்களுக்கு அனுப்பலாமே என்பான். செய்யலாம் செய்யலாம் என்பேன். போன வருடம் அவன் மாரடைப்பில் இறந்தான். அவன் கேட்ட அந்த ஒரு காரியத்தைக்கூட நான் செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். யார் வீட்டு அலமாரியிலோ ஐந்து இதழ்களையும் கண்டுபிடித்து, உங்கள் முதல் வெளியீட்டில் 'நாலு தட்டு'வை மறுபடி போட விரும்புகிறோம், அனுமதி வாங்கித் தர முடியுமா என்று கேட்டீர்கள். என் முட்டி வலிக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டி நிபோங் திபால் போனேன்.

தவமணி இப்போது அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஊருக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். காபி வந்தது. ஆற விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூன்று சாப்பாட்டோடு எழுந்ததை, என் தலையங்கத்தை, கேட்காமல் விட்ட ஒரு மணி நேரத்தை, மிச்சமிருந்த அரை மணி நேரத்தை.

"தெரியும்ணே," என்றார். "அன்னைக்கே தெரியும்."

எப்படி என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் ஆடினவங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க. ஒங்க வீட்ல யாரு போனதுன்னு. நீங்க கேக்கல."

அவர் அன்று அச்சகத்தில் எதற்குக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்றேன். ஐந்து பேர் என்றார். ஐந்து பேரும் அவரோடு வேலை செய்தவர்கள், கையெழுத்துப் பிரதியை வைத்து ஓய்வறையில் ஆடியவர்கள். பத்திரிகையைப் படித்து ஆடியவர்களில் ஒருவரும் வந்து கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்? கேள்வி பிறக்கும் பக்கத்தை நான் குப்பையில் போட்டுவிட்டேனே. யாரையோ பற்றி யாராவது தன்னிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பெண் ஓர் ஆட்டத்தையே எழுதி, பஸ்ஸும் ஃபெர்ரியும் ஏறி வந்து என் முன்னால் நின்றிருக்கிறார். நான் பக்கக் கணக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"இப்பக் கேக்கலாமாம்மா?" என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "இப்ப கேட்டீங்கன்னா, செஞ்ச தப்புக்காகக் கேக்கறீங்க. அது வேணாம்ணே. ஆடிட்டு வந்து கேளுங்க, சொல்றேன்."

அனுமதியும் அந்த நிபந்தனையோடுதான். பக்கம் முழுசாக வர வேண்டும். போடுவதற்கு முன்னால் ஆடிப் பார்த்திருக்க வேண்டும், கடைசி வரை. என்னிடம் அந்தத் தாள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் உள்ளே போய் அதே மாதிரி கட்டம் போட்ட தாளில் எழுதியிருந்ததை எடுத்து வந்து கொடுத்தார். பதினைந்து வருடத்தில் ஒரு விதியைக்கூட மாற்றவில்லை என்றார்.

ஆக, தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் கேட்ட அனுபவக் கட்டுரை இதுதான். கொள்கையைப் பற்றி, ஆசிரியரின் அதிகாரத்தைப் பற்றி இன்னும் நாலு அறிவுரை எழுதலாம். உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். எனக்கு உங்களிடம் வேறொன்று வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் தேவை. பிரான்சிஸ் இல்லை. லோகா பெர்த்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சேகர் போனில் சிரிக்கிறான், வருகிறேன் வருகிறேன் என்கிறான், வர மாட்டான். உங்களில் மூன்று பேர் சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வாருங்கள். தட்டு நான் வைக்கிறேன். போனை அணைத்துவிடுங்கள். முதல் அழைப்பை எனக்குக் கொடுங்கள், நான் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீங்கள் என்ன பேசினாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். பாதியில் மட்டும் எழுந்துவிடாதீர்கள். எனக்கு நிபோங் திபாலுக்குப் போய் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.